மூச்சுக்காற்றை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்ப்பது எப்படி: பை கழுவுவதிலிருந்து பீக்குக்குப் பெயர் வைப்பது வரை

கோவைப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் ஜிசி-எம்எஸ் (சேர்மங்களைப் பிரித்து, நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) கருவியோடு நாள் முழுக்கக் கிடப்பவன் நான். மூச்சு மாதிரி எடுக்கத் தொடங்கியபின் மாணவர்கள் ஏழெட்டுப் பேர் என் பக்கத்தில் நின்று பழகியிருக்கிறார்கள். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்கினார்கள். கருவியை ஓட்டக் கற்றுக்கொண்டு வருவார்கள், மாதிரி எடுப்பதைச் சில்லறை வேலை என்று நினைப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் கருவியைத் தொடுவதற்கு முந்தைய வேலைகள்தான்.

வெளிவிடும் மூச்சில் நைட்ரஜன் சுமார் 78 சதவீதம், ஆக்சிஜன் 16, கார்பன் டை ஆக்சைடு 4 முதல் 5. போதாததற்கு நீராவி நிரம்பி வழியும். நாம் தேடுவது இவற்றுக்கு நடுவே பிபிபி அளவில், அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் ஒளிந்திருக்கும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களை. அசிட்டோன் சில நூறு பிபிபி இருக்கும், ஐசோபிரீன் நூறை ஒட்டி. மற்றவை பெரும்பாலும் ஒற்றை இலக்கம் அல்லது அதற்கும் கீழே. இந்த அளவில் அறையில் ஊதுபத்தி கொளுத்தினால்கூட அது உங்கள் தரவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

1. எந்தச் சேர்மம், எந்தக் கருவி

முதலில் ஒரே வரியில் கேள்வியை எழுதுங்கள். ‘கரூரில் பஸ் பாடிக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் வேலை முடிந்த பின் மூச்சில் எவ்வளவு சைலீன் விடுகிறார்கள்’ என்பது கேள்வி. ‘மூச்சில் என்னென்ன இருக்கிறது பார்க்கலாம்’ என்பது கேள்வி அல்ல. அதற்குப் பதிலாக நூற்றுக்கணக்கான பீக்குகள், அதாவது வரைபடத்தில் சேர்மங்கள் எழுப்பும் மேடுகள், கிடைக்கும், அவ்வளவுதான்.

நொடிக்கு நொடி மாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் பிடிஆர்-எம்எஸ், சிஃப்ட்-எம்எஸ் போன்ற, மூச்சை உடனுக்குடன் அளக்கும் நேரடிக் கருவிகள் வேண்டும். பிடிஆரில் ஹைட்ரோனியம் அயனி ஒரு புரோட்டானைக் கொடுக்கும். அசிட்டோன் நிறை எண் 59-இலும் ஐசோபிரீன் 69-இலும் தெரியும். ஆனால் சேர்மங்களைப் பிரிக்கும் பத்தி (ஜிசியில் உள்ள மெல்லிய நீளக் குழாய்) கிடையாது, ஒரே எண்ணில் இரண்டு மூன்று சேர்மங்கள் சேர்ந்து நிற்கலாம். ஆள் ஓரிடத்தில், கருவி வேறிடத்தில் என்றால், நம்மூரில் பெரும்பாலும் அப்படித்தான், மூச்சைப் பையில் பிடித்து, உறிஞ்சு குழாயில் ஏற்றிக் கொண்டுவந்து, தெர்மல் டிசார்ப்ஷன் (சூடேற்றி வெளியேற்றுதல்) வழியாக ஜிசி-எம்எஸ்ஸில் ஓட்டுவதுதான் வழி. இனி சொல்வதெல்லாம் அந்த முறைக்கு.

2. நெறிக்குழு அனுமதி

மனிதரிடமிருந்து எடுக்கும் மாதிரி, ஆகவே நிறுவன நெறிக்குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு பைகூட ஊதவைக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளைப் படித்துவிட்டு விண்ணப்பம் எழுதுங்கள். ஒப்புதல் படிவம் ஊதுபவர் வாசிக்கும் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தை இயந்திரத்தில் போட்டெடுத்த தமிழில் வேண்டாம். எழுதி முடித்ததும் உங்கள் அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

3. குழாயையும் பையையும் சுத்தம் செய்தல்

ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது.

நாங்கள் பயன்படுத்துவது மூன்றரை அங்குலம் நீளம், கால் அங்குலம் விட்டமுள்ள எஃகுக் குழாய். உள்ளே டெனாக்ஸ் டிஏ என்ற உறிஞ்சும் பாலிமர் தூள். அது தண்ணீரைப் பிடித்து வைக்காது என்பதால் மூச்சுக்கு ஏற்றது. ஆனால் ஐசோபிரீன் மாதிரி மிக இலேசானவை அதில் நிற்காமல் நழுவிவிடும். அவையும் வேண்டுமென்றால் டெனாக்ஸுக்குப் பின்னால் கார்பன் வகை உறிஞ்சி இன்னொரு அடுக்கு வேண்டும்.

இரண்டு அடுக்கு இருந்தால் திசை முக்கியம். மூச்சு முதலில் டெனாக்ஸைத் தொட்டுப் பிறகு கார்பனுக்குப் போக வேண்டும். சூடேற்றி வெளியே எடுக்கும்போது வாயு எதிர்த்திசையில் ஓட வேண்டும். திருப்பி மாட்டினால் கனமான சேர்மங்கள் நேரே கார்பனில் போய் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. அடுத்த பத்து மாதிரிகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். குழாயில் அம்புக்குறியோ வரிப்பள்ளமோ இருக்கும். மாட்டும் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாய்களைச் சுத்த ஹீலியம் அல்லது நைட்ரஜன் ஓட்டத்தில் 320°செ வரை சூடாக்கிச் சுத்திகரியுங்கள். புதுக் குழாய்க்குச் சில மணி நேரம், பழையதற்கு அரை மணி போதும். டெனாக்ஸ் 350 தாண்டினால் கெடும். வாயுவை ஓடவிட்ட பிறகுதான் சூடேற்ற வேண்டும், ஆறிய பிறகுதான் வாயுவை நிறுத்த வேண்டும். சூடான டெனாக்ஸில் ஆக்சிஜன் பட்டால் அதுவே சிதைந்து பென்சால்டிஹைடு, அசிட்டோபீனோன் என்று வெளியே விடும். அவை ஊதியவரின் மூச்சிலிருந்து வந்தவை என்று நினைத்து ஒரு மாணவர் இரண்டு வாரம் கட்டுரை தேடினார்.

ஆறியதும் பித்தளை மூடியைப் போடுங்கள், உள்ளே பிடிஎஃப்இ (டெஃப்லான்) வளையம் இருக்கட்டும். ரப்பர் மூடி, பாராஃபிலிம், செலோடேப் எதுவும் கூடாது. பேனாவில் குழாயின் மேல் எழுதவும் வேண்டாம், மார்க்கர் மையில் சைலீனும் ஆல்கஹாலும் இருக்கும். குழாயில் பொறித்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டால் போதும்.

மூச்சைப் பிடிக்கும் டெட்லார் (ஒரு வகை பிளாஸ்டிக்) பைக்குப் பிறவியிலேயே ஒரு குணம் உண்டு: பீனாலையும் டைமெத்தில் அசிட்டமைடையும் விட்டுக்கொண்டே இருக்கும். புதுப் பையைச் சுத்த நைட்ரஜனால் நிரப்பி, 45°செ அளவில் சில மணி நேரம் வைத்து, காலி செய்யுங்கள். இதை ஐந்து முறையாவது திரும்பச் செய்யுங்கள். அப்படியும் அந்த இரண்டு பீக்கும் முழுசாகப் போகாது. அவற்றை முடிவில் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுங்கள்.

சுத்தம் செய்ததை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஒரு முறை எங்கள் 14 மாதிரிகளிலும் நிறை 128-இல் ஓங்கி ஒரு பீக். நாப்தலீன். எல்லோரும் நெசவு வேலை செய்பவர்கள் என்பதால் சாயப் பொருளாக இருக்குமோ என்று ஒரு நாள் முழுக்கப் பேசினோம். பிறகுதான் தெரிந்தது, சுத்தம் செய்த பைகளை வைத்திருந்த இரும்பு பீரோவில் யாரோ பாச்சை உருண்டை போட்டிருக்கிறார்கள். பதினான்கு பேரையும் திரும்பக் கூப்பிட முடியவில்லை. அதிலிருந்து குழாய்கள் தனிக் காற்றுப்புகா டப்பாவில், கொஞ்சம் கிளர்வூட்டிய கரியோடு, 4°செ ஃபிரிட்ஜில் இருக்கின்றன. அந்த ஃபிரிட்ஜில் கரைப்பான் பாட்டில் எதுவும் கிடையாது. யாருடைய மதியச் சாப்பாடும் கிடையாது.

4. ஊதும் அறை

மருத்துவமனை வார்டில் எடுக்காதீர்கள். ஊசி போடுமுன் துடைக்கும் ஸ்பிரிட், தரை துடைக்கும் பினாயிலின் பைன் எண்ணெய், செவிலியர் கையில் தடவும் சானிடைசர் எல்லாம் காற்றில் இருக்கும். ஆய்வகத்திலும் எடுக்காதீர்கள், பக்கத்து மேசையில் யாராவது கண்ணாடிக் குடுவையை அசிட்டோனால் கழுவுவார்கள். நாங்கள் எடுப்பது ஜன்னல் திறந்த, முந்தைய நாள் வெறும் தண்ணீரில் துடைத்த ஒரு காலி அறையில்.

ஊதுபவர் அந்த அறையில் 20 நிமிடம் உட்காரட்டும். அவர் நுரையீரல் வெளிக்காற்றை விட்டு இந்த அறைக் காற்றுக்குப் பழகும். நடந்து வந்த களைப்பும் தீரும். ஐசோபிரீன் தசை அசைவோடு சட்டென்று ஏறும் பொருள். மாடிப்படி ஏறி வந்தவுடனே ஊதினால் ஓய்வில் இருப்பதைப்போலச் சில மடங்கு காட்டும்.

அதே 20 நிமிடத்தில் அறைக் காற்றையும் ஒரு குழாயில் பிடியுங்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்று, நாளுக்கு ஒன்று அல்ல. காலை ஏழு மணிக் காற்றும் பத்து மணிக் காற்றும் ஒன்றல்ல. அவிநாசி ரோட்டுக்குப் பக்கத்தில் அறை இருந்தால் பென்சீன், டொலுவீன் ஏறுவதை நீங்களே பார்க்கலாம்.

5. ஊதுபவரிடம் என்ன கேட்பது

‘வெறும் வயிற்றில் வாருங்கள்’ என்று சொன்னால் போதாது. சென்னிமலையில் ஒரு பெரியவர், தறிக்காரர், சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார். உதட்டோரம் சிவப்பு.

“ஐயா, ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“இல்லீங் தம்பி, பச்சத் தண்ணிகூடத் தொடலீங். வெத்தலதானுங் ஒரு வாய் போட்டன்.”

அவர் பொய் சொல்லவில்லை. வெற்றிலை அவர் கணக்கில் சாப்பாடு அல்ல. டீயும் பல பேருக்கு அப்படித்தான். ஆகவே எங்கள் படிவத்தில் இப்போது ஒவ்வொன்றும் பெயரோடு இருக்கிறது: டீ, காபி, வெற்றிலை பாக்கு, புகையிலை, பீடி சிகரெட், கிராம்பு, ஏலக்காய், இருமல் மாத்திரை, பற்பசை, மவுத்வாஷ், சாராயம், நேற்றிரவுச் சாப்பாட்டில் பூண்டு. பூண்டிலிருந்து வரும் அல்லைல் மெத்தில் சல்ஃபைடு ரத்தத்தில் ஏறி மூச்சு வழியாக வெளியேறுவது, வாய் கொப்பளித்தால் போகாது. சாப்பிட்டு மறுநாள்கூட நிறை 88-இல் நிற்கும்.

உடம்பின் மேலே இருப்பதையும் கேளுங்கள். காலையில் கோயிலுக்குப் போய் ஆரத்தி தொட்டு ஒற்றியவர் கற்பூரத்தோடு வருவார், நிறை 95-உம் 152-உம். வாசனைத் தலையெண்ணெய், நெஞ்சில் தேய்க்கும் தைலம், டியோடரன்ட் எல்லாம் இந்த வகைதான். பெட்ரோல் பங்கில், ஈரோட்டு மஞ்சள் மண்டியில், பிரின்டிங் பட்டறையில் வேலையா என்பதும் படிவத்தில் இருக்கட்டும்.

பட்டினி நேரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நாங்கள் வைத்திருப்பது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 10 முதல் 12 மணி நேரம். பட்டினி நீள நீளக் கொழுப்பு எரிந்து அசிட்டோன் ஏறும். ஒருவர் 8 மணி நேரம், இன்னொருவர் 15 மணி நேரம் என்றால் நீங்கள் அளப்பது நோயை அல்ல, பசியை. சர்க்கரை நோயாளிகளை மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் பட்டினி போடாதீர்கள்.

6. ஊதவைத்தல்

ஒரு சாதாரண மூச்சு சுமார் 500 மி.லி. அதில் முதல் 150 மி.லி. வாய், தொண்டை, மூச்சுக்குழாயில் கிடந்த காற்று, அது ரத்தத்தைத் தொட்டதே இல்லை. நமக்கு வேண்டியது அதற்குப் பின்னால் வரும் நுரையீரல் அடிக்காற்று. முதலில் வருவதையும் சேர்த்துப் பிடித்தால் அறைக் காற்றைக் கலந்து பிடித்ததாகும்.

வாய்க்குழாய், அதையடுத்து பாக்டீரியா வடிகட்டி, அதையடுத்து மூவழி வால்வு. வால்வின் ஒரு பக்கம் வெளியே திறந்திருக்கும், மறு பக்கம் ஒரு லிட்டர் பை. ஊதத் தொடங்கியதும் மனதுக்குள் ‘ஒண்ணு, ரெண்டு’ எண்ணி வால்வைப் பைக்குத் திருப்புங்கள். மூச்சு முடிவதற்குள் மூடிவிடுங்கள். மூன்று நான்கு மூச்சில் பை முக்கால் நிரம்பும், அது போதும். பை விறைக்க விறைக்க ஊதவைக்காதீர்கள். கார்பன் டை ஆக்சைடு அளவி கிடைத்தால் எண்ணிக்கைக்குப் பதில் அதைப் பார்த்துத் திருப்பலாம், இன்னும் துல்லியம். வாய்க்குழாயும் வடிகட்டியும் ஒருவருக்கு ஒன்று, அத்தோடு குப்பைக்கு. இணைப்பில் சிலிக்கோன் டியூப் வேண்டாம், பிடிஎஃப்இ போடுங்கள்.

பலூன் ஊதுவது போல் கன்னம் உப்ப ஊதுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படி ஊதினால் வருவது வாய்க் காற்று. “டீயை ஆத்தற மாதிரி ஊதாதீங்க, பெருமூச்சு விடற மாதிரி விடுங்க” என்றால் புரிந்துகொள்கிறார்கள். மூச்சை அடக்கி வைத்து ஊதினால் சில சேர்மங்கள் ஏறும், வேகவேகமாக இரைத்தால் இறங்கும். ஒரே தாளத்தில் மெதுவாக விடட்டும்.

இன்னொன்று: அமோனியாவும் எத்தனாலும் பெருமளவு வாயில் இருக்கும் கிருமிகளின் வேலை. அவற்றில்தான் உங்கள் ஆர்வம் என்றால் மூக்கு வழியாகவும் ஒரு மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும். அசிட்டோனுக்கு இரண்டு வழியிலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

7. பையிலிருந்து குழாய்க்கு

பையில் மூச்சு ஆறும்போது சுவரில் தண்ணீர் முத்து முத்தாகக் கட்டும். நீரில் கரையும் சேர்மங்கள் அதில் போய்விடும். ஆகவே மாற்றுவதற்கு முன் பையை 40°செ இன்குபேட்டரில் பத்து நிமிடம் வையுங்கள். முத்துகள் மறைய வேண்டும். முகாமுக்குப் போனால் சின்ன இன்குபேட்டரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள், பையை அப்படியே கோவைக்குத் தூக்கி வருவதை விட அது மேல். மூச்சு பையில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் இழப்பு, கொஞ்சம் கலப்பு. நாங்கள் ஒரு மணி நேரத்துக்குள் மாற்றிவிடுகிறோம்.

பம்பு குழாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும், பைக்கும் குழாய்க்கும் நடுவில் அல்ல. நடுவில் இருந்தால் பம்பின் எண்ணெயும் ரப்பரும் மாதிரியோடு வரும். நிமிடத்துக்கு 100 மி.லி. வேகத்தில் 500 மி.லி. இழுங்கள். முதல் நாள் ஒரு சோதனையாக இரண்டு குழாயை வரிசையில் மாட்டிப் பாருங்கள். இரண்டாவதில் உங்கள் சேர்மம் மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதல் குழாய் நிரம்பி வழிகிறது என்று அர்த்தம், கொள்ளளவைக் குறையுங்கள்.

ஒவ்வொரு முகாமுக்கும் மூன்று வெற்று மாதிரிகள் வேண்டும். திறக்காமலே போய்வரும் குழாய் ஒன்று, நைட்ரஜன் நிரப்பி மாற்றிய காலிப் பை ஒன்று, ஆய்வகத்தை விட்டு நகராத குழாய் ஒன்று. நாப்தலீன் கதையில் காலிப் பை மாதிரியை முதலிலேயே ஓட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் பிடித்திருப்போம்.

8. கருவியில் ஓட்டுதல்

காலையில் முதல் வேலை கசிவு பார்ப்பது. நிறை 18 (தண்ணீர்), 28 (நைட்ரஜன்), 32 (ஆக்சிஜன்) மூன்றையும் பாருங்கள். 28-உம் 32-உம் ஏறக்குறைய நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உயர்ந்து நின்றால் வெளிக்காற்று உள்ளே வருகிறது. பிறகு பிஎஃப்டிபிஏ என்ற தரப்பொருளைக் கொண்டு டியூன், அதாவது கருவியின் நிறை அளவைச் சரிசெய்தல்: 69, 219, 502.

குழாயை ஏற்றுமுன் டிரை பர்ஜ் செய்யுங்கள், மாதிரி ஏற்றிய அதே திசையில் மூன்று நான்கு நிமிடம் சுத்த வாயு. இதைச் செய்யாவிட்டால், சூடேறி வரும் சேர்மங்களைப் பிடித்து வைக்கும் குளிர் பொறியில் தண்ணீர் உறைந்து அடைக்கும், முன்வரும் பீக்குகள் எல்லாம் நகரும். டிசார்ப்ஷன் 280°செ, எட்டு நிமிடம். பத்தி 624 வகை, 60 மீட்டர். பத்தி இருக்கும் அடுப்பு 40°செ-இல் ஐந்து நிமிடம், பிறகு நிமிடத்துக்கு 8 டிகிரியாக 240 வரை. ஸ்கேன் 35 முதல் 300 வரை. அதற்குக் கீழே தொடங்கினால் தண்ணீரும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கண்ணை மறைக்கும்.

ஒவ்வொரு குழாயிலும் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய டொலுவீனை ஒரே அளவு உள் தரமாக, அதாவது ஒப்பிடும் அளவாக, சேருங்கள், நிறை 98. கருவியின் உணர்திறன் நாள் போக்கில் நகர்வதை இதுதான் காட்டிக்கொடுக்கும். நோயாளிகளை முதல் நாளும் நலமானவர்களை மறுநாளும் ஓட்டாதீர்கள். கருவி நகர்ந்ததே நோயின் அடையாளமாகத் தெரியும். சீட்டுக் குலுக்கி வரிசை போடுங்கள்.

கரண்ட் விஷயம். ஒரு ஓட்டம் 50 நிமிடம் என்றால் 20 குழாய்க்குக் கிட்டத்தட்ட 17 மணி நேரம், ராத்திரி தாண்டித்தான் ஆக வேண்டும். பல இடங்களில் யுபிஎஸ்ஸை எம்எஸ்ஸுக்கும் கணினிக்கும் மட்டும் கொடுத்திருப்பார்கள். டிசார்ப்ஷன் நடக்கும் நொடியில் கரண்ட் போனால் அந்தக் குழாயின் மூச்சு போனது போனதுதான், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. முழு வரிசைக்கும் யுபிஎஸ் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஹீலியம் சிலிண்டரின் அழுத்தத்தையும் வரிசை தொடங்குமுன் பாருங்கள்.

9. பீக்குக்குப் பெயர் வைத்தல்

“அண்ணா, டோடெக்கேன், 94 மேட்ச் வருதுங்ணா!”

“அடுத்த வரி என்ன காட்டுது?”

“டிரைடெக்கேன்… 93-ங்ணா.”

நீள்சங்கிலி ஆல்கேன்கள் எல்லாமே 43, 57, 71, 85 என்று ஒரே மாதிரி உடையும். நிஸ்ட் நூலகம் (தெரிந்த சேர்மங்களின் நிறமாலைத் தொகுப்பு) தரும் பொருத்த மதிப்பெண் அங்கே எதையும் தீர்மானிக்காது. அதே அடுப்பு நிரலில் ஆல்கேன் கலவையை ஓட்டி ரிடென்ஷன் இன்டெக்ஸ் (பத்தியில் தங்கும் நேரத்தை ஆல்கேன்களோடு ஒப்பிட்ட எண்) கணக்கிடுங்கள். டோடெக்கேன் 1200-இல் இருக்க வேண்டும், டிரைடெக்கேன் 1300-இல். நூலகமும் இன்டெக்ஸும் ஒத்துப்போனால் ‘இருக்கலாம்’ என்று எழுதுங்கள். சுத்தமான தரப்பொருளை வாங்கி ஓட்டி, நேரமும் நிறமாலையும் பொருந்திய பிறகுதான் ‘இருக்கிறது’.

நிறை 73, 207, 281, 355 வந்தால் சிலாக்ஸேன் (சிலிக்கோன் வகைச் சேர்மம்). பத்தி, செப்டம் (கருவியின் நுழைவாயிலில் உள்ள ரப்பர் அடைப்பு), சிலிக்கோன் டியூப் இவற்றிலிருந்து வரும், அழகுசாதனப் பொருளிலிருந்தும் வரும். 2,5-டைமெத்தில்ஃபியூரான், நிறை 96, நல்ல சாட்சி: ‘பீடி பிடிப்பதில்லை’ என்று எழுதிக் கொடுத்தவர் மூச்சில் இருந்தால் படிவத்தை மறுபடி பாருங்கள். லிமோனீன் கண்டதும் துள்ளாதீர்கள், அது ஆரஞ்சிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் இருக்கிறது.

அறைக் காற்றில் இருப்பதை மூச்சிலிருந்து கழித்துவிடலாம் என்று பலர் செய்கிறார்கள். உள்ளே போனதில் ஒரு பகுதியை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே நேர்க் கழித்தல் சில சேர்மங்களில் தவறான எண்ணைக் கொடுக்கும். நான் இரண்டையும் தனித்தனியாகவே அட்டவணையில் வைக்கிறேன். அறையிலும் மூச்சிலும் ஏறக்குறைய சமமாக இருப்பவற்றைப் பற்றி எதுவும் பேசுவதில்லை.

10. நானோகிராமிலிருந்து பிபிபிக்கு

500 மி.லி. மூச்சில் 600 நானோகிராம் அசிட்டோன் என்று அளவுக்கோடு (தெரிந்த அளவுகளை ஓட்டி வரைந்த கோடு) சொல்கிறது என்று வைப்போம். லிட்டருக்கு 1200. அசிட்டோனின் மூலக்கூறு எடை 58.08. 25°செ, கடல்மட்ட அழுத்தத்தில் ஒரு மோல் வாயு 24.45 லிட்டர். 58.08-ஐ 24.45-ஆல் வகுத்தால் 2.375. அதாவது ஒரு பிபிபி என்பது லிட்டருக்கு 2.375 நானோகிராம். 1200-ஐ 2.375-ஆல் வகுக்க, சுமார் 505 பிபிபி.

ஆனால் கோவை கடல்மட்டத்தில் இல்லை, 400 மீட்டருக்குச் சற்று மேலே. இங்கே அழுத்தம் சுமார் 965 ஹெக்டோபாஸ்கல், ஒரு மோல் 25.7 லிட்டர் பிடிக்கும். அதே மாதிரி 530 பிபிபி ஆகிவிடும். கோவையில் எடுத்ததையும் ஊட்டியில் எடுத்ததையும் ஒரே அட்டவணையில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டும். உங்கள் பம்பு காட்டும் லிட்டர் அந்த இடத்து லிட்டரா, திட்ட நிலைக்கு (குறித்த வெப்பம், அழுத்தம்) மாற்றிய லிட்டரா என்பதையும் கையேட்டில் பாருங்கள். மாற்றியதை மறுபடி மாற்றிய கணக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

அளவுக்கோடு போடும் தரக் கலவையை உலர்ந்த வாயுவில் மட்டும் தயாரிக்காதீர்கள். மூச்சைப் போல ஈரமாக்கிய வாயுவில், அதே பையில், அதே பத்து நிமிடச் சூட்டோடு ஓட்டுங்கள். அப்போதுதான் பையில் ஏற்படும் இழப்பும் கோட்டுக்குள் வரும்.

11. ஊதியவர் ரிசல்ட் கேட்டால்

கட்டாயம் கேட்பார்கள். சென்னிமலைப் பெரியவரும் அடுத்த முறை, வெற்றிலை போடாமல், வந்தபோது கேட்டார்: “ஏனுங் தம்பி, எனக்குச் சக்கரை இருக்குதுங்களா?”

அசிட்டோன் எண்ணைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. பட்டினி, உடற்பயிற்சி, மாவுச்சத்து குறைந்த சாப்பாடு எதனாலும் அது ஏறும். ‘இது ஆராய்ச்சிக்கு எடுப்பதுங்க, நோய் கண்டுபிடிக்கும் டெஸ்ட் இல்லைங்க’ என்ற வரி ஒப்புதல் படிவத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கட்டும், வாயாலும் சொல்லுங்கள். நாங்கள் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். வெறும் வயிற்றில்தான் இருந்தார், அப்படியே போய்க் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.